விட்டதா, போனதா?

(மே தினத்தன்று நம் குடியிருப்பின் பொது அரங்கில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் என்னைப் பேச அழைத்தபோது, "பேங்க்கில் இருந்தவங்கதானே மேடம், சேமிப்பைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். இன்று உழைப்பாளர் தினம் என்பதால் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வேலையில் இருப்பதைப் பற்றி அல்ல, வேலை இல்லாமல் போவதைப் பற்றி.

நம் விராலிமலையில் ஒருவர் நான்கு நாள் தொடர்ந்து கம்பெனி பஸ் ஏறவில்லை என்றால் லிஃப்டில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "என்ன சார், வேலையை விட்டுட்டீங்களா?" வேலை போய்விட்டதா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் "ஆமாங்க, விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொள்வார். கேட்டவருக்கும் சங்கடமில்லை, சொன்னவருக்கும் சங்கடமில்லை. ஆனால் விட்டதும் போனதும் ஒன்றல்ல. இதை என் வாழ்க்கையில் இரண்டு முறை நேரில் பார்த்தேன்.

முதல் முறை 2000-ம் ஆண்டின் கடைசியில். பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. வி.ஆர்.எஸ். என்றால் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 15 ஆண்டு சர்வீஸ் அல்லது 40 வயது முடிந்திருந்தால் மனு கொடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டு சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமிருக்கும் சர்வீஸுக்கான சம்பளம், இதில் எது குறைவோ அது கிடைக்கும். நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் வெளியே போனார்கள்.

எனக்கு அப்போது 40 வயது, 18 ஆண்டு சர்வீஸ். கணக்குப் போட்டால் 36 மாதச் சம்பளம். வீட்டில் மாமியாருக்குப் பக்கவாதம், மகன் ஆரம்பப் பள்ளியில். "நீ வேலையை விடு" என்று யாரும் சொல்லவில்லை. "பேங்க்காரனே காசு கொடுத்து அனுப்புறான், இன்னும் என்ன யோசனை?" என்றுதான் சொன்னார்கள். மனுவைப் பூர்த்தி செய்து கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

கடைசி நாளன்று மனுவை எடுத்து மேசையில் வைத்தேன். எங்கள் தலைமைக் காசாளர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை நீங்க கொடுக்கிறீங்களாம்மா, உங்க வீட்டுல கொடுக்கிறாங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. மனுவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் வீட்டில் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். அவர் 2003-ல் காலமானார். கடைசி நாட்களில் கூடவே இருக்க முடியவில்லையே என்ற குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் அது நானே எடுத்த முடிவு. அதனால் அந்தக் குறையை யார் தலையிலும் வைக்காமல் நானே சுமக்க முடிகிறது.

பக்கத்துக் கவுண்ட்டரில் இருந்த என் தோழி மனுவைக் கொடுத்துவிட்டாள். வந்த பணம் கணவரின் வியாபாரத்துக்குப் போனது. நான்கு ஆண்டில் வியாபாரமும் போனது. பிறகு அவள் நகைக் கடனுக்காக எங்கள் கிளைக்கே வந்து கவுண்ட்டருக்கு வெளியே நின்றாள். "விருப்ப ஓய்வுன்னு எழுதியிருக்கு. என்கிட்ட யாருடி விருப்பம் கேட்டாங்க?" என்றாள்.

அவள் மட்டுமல்ல. மனுக் கொடுத்த பலர் உடனே மனம் மாறினார்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்று திட்டத்தில் நிபந்தனை இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளைப் பொறுத்தவரை, வங்கி ஏற்றுக்கொள்வதற்கு முன்பு ஊழியர் மனுவைத் திரும்பப் பெறலாம் என்று 2002 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால் பணப்பலனை வாங்கிக்கொண்டவர்கள் திரும்ப வர முடியவில்லை. விருப்பம் என்று நாம் எழுதிக் கொடுப்பது சில நாளிலேயே மாறக்கூடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது முறை என் மகனுக்கு நடந்தது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தான். திடீரென்று ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை என்றான். காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வான். மூன்றாவது மாதம் அவனுடைய வீட்டுக் கடன் தவணை திரும்பிவிட்டது. 38 ஆண்டு பேங்க்கில் உட்கார்ந்தவளுக்கு அது என்ன சேதி என்று தெரியாதா? கேட்டேன். "நானே விட்டுட்டேன்மா" என்றான்.

பிறகுதான் முழுக்கதையும் வந்தது. ஒரு சின்ன அறைக்கு அழைத்திருக்கிறார்கள். "நீங்களே ராஜினாமா அனுப்பிவிட்டால் அனுபவச் சான்றிதழில் ஒன்றும் வராது. இல்லாவிட்டால் நாங்கள் நீக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். யோசிக்க அவகாசம் கேட்டதற்கு, மாலைக்குள் அனுப்புங்கள் என்று பதில். அவன் விரலாலேயே தட்டி அனுப்பியிருக்கிறான். அதனால் வேலை போனதை அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீதானே எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்த இடத்தில் எனக்கு 2003 நினைவுக்கு வந்தது. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெரும்பாலானவர்கள் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துத் திரும்பச் சேர்ந்தார்கள். எங்கள் தெருவில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்த ஒரு மாதம் அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் அதை ஒளிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்கவில்லை. வேலை போயிற்று என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. என் மகனுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. பறித்தவர்கள் பறித்த சுவடே இல்லாமல், கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் தொடங்கியது. 2014-ல் அங்கே விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தியே நின்றுவிட்டது. மூடும் நிலையில் இருக்கும் ஆலையில் கொடுக்கிற மனுவில் எவ்வளவு விருப்பம் இருக்க முடியும்?

அதனால் நான் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். "மாட்டேன் என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை என் நாற்காலி எனக்கு இருந்திருக்குமா?" இருந்திருக்கும் என்றால் விட்டது. இருந்திருக்காது என்றால் போனது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. என் தோழிக்கு வங்கியில் நாற்காலி இருந்தது, வீட்டில்தான் மாட்டேன் என்று சொல்ல இடமில்லை. அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனதளவில் இப்படி. ஆனால் பணத்துக்குக் காகிதம்தான் பேசும். பி.காம். படித்தவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவரை, அவர் தவறு எதுவும் செய்யாமல் ஆட்குறைப்பு செய்தால், முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தருவதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் வந்தது இது. இப்போதைய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு இருக்கிறது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது, அந்த இழப்பீடும் கிடையாது. பணிக்கொடை அப்படியல்ல. நிரந்தரப் பணியில் 5 ஆண்டு முடித்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் உண்டு.

அடுத்தது ராஜினாமாவும் விருப்ப ஓய்வும். இரண்டும் நாமே போவதுதானே என்று நினைப்போம். எங்கள் வங்கி ஓய்வூதிய விதிகள் 1995-ஐப் பாருங்கள். 20 ஆண்டு சர்வீஸ் முடித்து, மூன்று மாதம் முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் உண்டு. ராஜினாமா என்று எழுதினால் அதுவரையான சர்வீஸ் முழுவதும் கழிந்துவிடும். ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லை அவசரத்தில் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு.

ஆகவே பிள்ளைகளே, யாராவது மாலைக்குள் கையெழுத்து கேட்டால், "எழுத்தில் கொடுங்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அங்கேயே எழுதிக் கொடுக்காதீர்கள். வந்த மின்னஞ்சல்களையும் சம்பளச் சீட்டுகளையும் உங்கள் சொந்தக் கணக்கில் பத்திரப்படுத்துங்கள். முதல் நாளே வீட்டில் சொல்லுங்கள். மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

நானே விருப்பப்பட்டு விடுகிறேன் என்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்து, காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது என்றால் தைரியமாக விடுங்கள்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பராமரிப்புக் கட்டணப் பாக்கிப் பட்டியலை ஃபிளாட் எண்ணோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். போன ஆண்டு மூன்று மாதம் தொடர்ந்து ஒரு எண் அதில் வந்தது. வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம். அவருக்கு வேலை போயிருந்தது என்று அவர்கள் வீட்டைக் காலி செய்த பிறகுதான் தெரிந்தது. குழந்தைகள் நம் பூங்காவில் விளையாடியவர்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பட்டியல் போட்டதில் நானும் ஒருத்தி. அப்போது நான் செயற்குழுவில் இருந்தேன்.

இனி வேலை இழந்தவர் பொருளாளரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று மாதக் கட்டணத்தைத் தள்ளிவைப்போம், எண்ணை வெளியில் போட மாட்டோம் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். தள்ளுபடி கேட்கவில்லை, தவணைதான் கேட்கிறேன். விட்டாரா, போனதா என்று விசாரிக்கவும் வேண்டாம். அது அவருக்குத் தெரியும்.

என் மகன் இப்போது திருச்சியில் வேறு வேலையில் இருக்கிறான். சம்பளம் முன்பைவிடக் குறைவு. நேர்முகத் தேர்வில் "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார்களாம். "விடவில்லை சார், போய்விட்டது" என்று சொன்னானாம்.