போர் தண்ணீருக்கு ஏற்ற மீன்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வீட்டில் வண்ணமீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், கடைக்குப் போகுமுன் தங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரிக்கிறதா?

1960களில் சென்னையின் தேவைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நீரை இறைத்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே ஏறியது. அந்த உப்பு இன்னும் பல வீட்டுக் குழாயில் வருகிறது. இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூர் நமக்குத் தொலைவில்லை. அங்கே நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ராவைப் பார்த்தால் யாருக்கும் மனசு போகும். ஆனால் அது அமேசான் காட்டு ஓடைகளின் மீன். மென்மையான தண்ணீர் கேட்கும். நம் தண்ணீருக்கு ஏற்றது மோலி என்ற மீன். அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அங்கே ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும் அது வாழ்கிறது. நம் கரிப்புத் தண்ணீர் அதற்குப் பிரச்சினையே இல்லை. பாவம், நல்லது செய்வதாக நினைத்துக் கேன் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் உண்டு. அதில் மோலி நகராமல் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது அடையாளம்.

போர் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். புதுத் தொட்டியில் ஒரே நாளில் இருபது மீன் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் வளர மூன்று நான்கு வாரமாவது பிடிக்கும். அதுவரை இரண்டு மூன்று மீன் போதும், தீனியும் குறைவாகவே. பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று கழுவாமல், தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள்.

மோலி முட்டையிடாது, குட்டி போடும். பெண் மீனின் வயிறு பெட்டிபோல் சதுரமாகி, ஓரமாக ஒதுங்கி நின்றால் நாள் நெருங்கிவிட்டது. குட்டி சுருண்டபடி விழும். ஒரு நொடி மூழ்கி, உடனே பாசிக்குள் ஓடும். ஓடியே ஆக வேண்டும், பெற்றவளே தின்றுவிடுவாள்! அதனால் கொத்துக் கொத்தாகப் பாசி போடுங்கள். குளத்துப் பாசி என்றால் நன்றாக அலசிப் போடுங்கள், தட்டான் பூச்சியின் புழு ஒன்று வந்தாலும் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், பிறகு ஆணே இல்லாமலும் மாதக்கணக்கில் குட்டி போடும். சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஒற்றை அறைக்குத் திரும்பும் தம்பிக்கும் மோலி வளர்ப்பு கைக்கு அடங்கிய வேலைதான்.

குட்டிகள் பெருகிவிட்டால் ஆரணியாற்றில் விடாதீர்கள். உப்பைத் தாங்கும் மீன் என்றேன் அல்லவா? அந்த ஆறு சேருமிடம் உப்பு கலந்த பழவேற்காடு ஏரி, அங்கேயும் மோலி பிழைத்துக்கொள்ளும். டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனை இப்படித்தான் யாரோ விட்டார்கள். சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் அது குடியேறிவிட்டது. மிஞ்சிய குட்டிகளை வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூடவே ஒரு பிடி பாசியும் கொடுத்தனுப்புங்கள்.