கொங்கு நாட்டுக் கிளுவை வேலி

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் போகிறவர்கள், மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் முள்வேலிகளைப் பார்த்திருப்பார்கள். கோடையில் ஓர் இலைகூட இல்லாமல் பட்டுப்போன விறகு போலத் தெரியும் அந்த வேலி, மழை விழுந்ததும் முழுக்கத் தளிர்த்துவிடும். அதுதான் முள்கிளுவை. அதை வளர்த்து வேலியாக்கும் கொங்கு விவசாயிகளின் கைத்திறன் பற்றியது இந்த உரை.

கிளுவை வறண்ட முள்காட்டுச் செடி. மருந்துக்கு உதவும் குக்குலு, வெள்ளைப்போளம் ஆகிய பிசின்களைத் தரும் செடிகளும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. கிளுவையின் கிளை நுனியே கூர்ந்து முள்ளாகிவிடும். பூவோ மிகச் சிறியது. நின்று தேடினால்தான் கண்ணில் படும்.

இதற்கு விதையோ நாற்றோ தேவையில்லை. முற்றிய கிளையைப் போத்தாக வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். நட்டவரின் வேலை அதோடு முடிவதில்லை. பக்கக் கிளைகளை ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். ஓங்கி வளர்வதைக் கழித்து அடி அடர்த்தியாகச் செய்ய வேண்டும். சந்து விழுந்த இடத்தில் புதுப் போத்து ஊன்ற வேண்டும். ஆட்டுக்குட்டி நுழைய முடியாத வேலியே நல்ல வேலி.

இந்த வேலியின் அருமை கொறங்காட்டில்தான் முழுதாகத் தெரியும். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையே பெறும் மானாவாரி மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. வெள்வேல மரம் நிழலும் நெற்றும் தரும். நிலத்தைத் துண்டு துண்டாக வேலி பிரித்துவிடுவதால், ஒன்றில் காங்கேயம் மாடுகளும் மேச்சேரி ஆடுகளும் மேயும்போது இன்னொன்றில் புல் ஓய்வெடுத்து விதை விடும். கூடவே மேய்க்க ஆள் நிற்கத் தேவையில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பெருமையோடு நிற்கும் காங்கேயம் காளைகள் பலவற்றை வளர்த்தவை இத்தகைய காடுகளே.

வேலிக்குள் இன்னொரு உலகமும் உண்டு. பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி எல்லாம் அதில்தான் படரும். துவையலுக்கும் சளி மருந்துக்கும் பெண்கள் அங்கேதான் பறிப்பார்கள். ஓணானும் கீரியும் கௌதாரியும் அதில் ஒதுங்கும். தழையை வெள்ளாடு கடிக்கும். வேர் மண் அரிப்பைத் தடுக்கும்.

குறைகளும் இருக்கின்றன. வேலி அடர்ந்து வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். நிலத்தில் சில அடி அகலத்தை அது எடுத்துக்கொள்ளும். முள்ளுக்குள் கைவிட்டு வேலை செய்யும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் கல்லுக்காலும் கம்பியும் ஊன்றுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கம்பி துருப்பிடிக்கும். அறுந்தால் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கிளுவை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலி இல்லை.

கம்பி வேலி போட்டிருக்கும் கொங்கு விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்பியை ஒட்டியே ஒரு வரிசை கிளுவையும் நடுங்கள். பக்கத்துக் காட்டில் வேலி கழிக்கும்போது கேட்டாலே போத்து கிடைக்கும்.