காரணத்தைச் சொல், பதிலைக் கேள், பிறகு முடிவெடு!

(நமது தகவல் தொழில்நுட்பப் பிரிவுப் பயிலரங்கில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009. ஈழத்தில் போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. இலங்கையிலிருந்து போன இரண்டு தமிழர்கள் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் படகிலிருந்து இறங்குறாங்க. "திருப்பி அனுப்பினா எங்க உயிருக்கு ஆபத்து"ன்னு அடைக்கலம் கேட்குறாங்க. தடுப்பு முகாமில் அடைச்சு வெச்சு விசாரிச்சாங்க. முடிவு: "நீங்கள் அகதி இல்லை." மறுஆய்விலும் அதே பதில்.

இதில் என்ன தப்பு? இலங்கை நிலவரம் பற்றி மறுஆய்வு செய்தவங்க கையில் சில தகவல்கள் இருந்தன. அதை வெச்சுத்தான் நிராகரிச்சாங்க. ஆனா "இதுக்கு உன் பதில் என்ன?"ன்னு அந்த இருவரிடமும் கேட்கவே இல்லை. ஒருத்தர் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பரிசீலிக்கவும் இல்லை.

வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. அந்த நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் அதுதான். அரசு சொன்ன வாதம்: "இது சட்டப்படியான விசா விசாரணையே இல்லை, அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் ஏற்பாடு மட்டுமே."

2010 நவம்பர் 11. ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் அதை மறுத்தாங்க. உங்க விசாரணை முடியும்வரை ஒரு மனுஷன் அடைபட்டுக் கிடக்கிறான். அப்படின்னா அந்த விசாரணை சட்டப்படியும் நியாயமாகவும் நடந்தே ஆகணும். இந்த இருவருக்கும் அது நடக்கலைன்னு தீர்ப்பு.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஒரு உதாரணம். எழுதின பதிலில் ஒன்றைத் திருத்தாமலே ஃபெயில் போட்டா என்ன கேட்போம்? "சும்மா பாஸ் போடுங்க"ன்னா கேட்போம்? "முழுசாத் திருத்துங்க"ன்னுதான் கேட்போம். நீதிமன்றமும் விசா கொடுக்கலை. அமைச்சரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நடைமுறை தவறுன்னு அறிவிச்சது. அவ்வளவுதான். ஆனா அரியர் வந்தா அடுத்த செமஸ்டரில் எழுதலாம். தப்பா திருப்பி அனுப்பின உயிருக்கு அடுத்த செமஸ்டர் கிடையாது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடலை. அகதிகளுக்குன்னு தனிச்சட்டமும் இல்லை. 1983 முதல் வந்த ஈழத்தமிழர்களும் இங்கேயே பிறந்த அவங்க பிள்ளைகளும் இன்னமும் மறுவாழ்வு முகாம்களில் இருக்காங்க. அவங்க எதிர்காலம் அரசாணைகளில் தொங்குது. ஆனா அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதவர்களையும் காக்கும்னு 1996-லேயே சக்மா மக்கள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதனால ஒன்றிய அரசிடம் நாம் கேட்பது மூன்றே விஷயம். அகதிகளுக்கு ஒரு சட்டம் வேணும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல வாய்ப்பு தரணும். அந்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருக்கணும்.

இது சலுகை இல்லை தோழர்களே, நியாயம்.