எங்கட ஊர் மேளமும் இந்த ஊர்ப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஒன்றுகூடலில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



சங்கத்துக்காரர் என்னைப் பேசச் சொன்னபோது, "நான் ஏ.எல். வரைக்கும்தான் படிச்சனான், பக்டரியில வேலை செய்யிறவன், சங்கீதம் முறையாகப் படிக்கேல்லை" என்று சொன்னேன். "மேளத்துக்குப் பக்கத்தில வளர்ந்தனீங்கள்தானே, அது காணும்" என்றார்கள். ஆகவே வித்துவானாக அல்ல, கேட்டு வளர்ந்தவனாகத்தான் கதைக்கிறேன்.

நான் பிறந்தது தாவடியில். அடுத்த ஊர் இணுவில். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன், யாழ்ப்பாணத்தில் மேளம் என்றால் ஒரு வாத்தியம் மட்டும் அல்ல. நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டம். திருவிழாவுக்கு நாலு கூட்டு மேளம், எட்டுக் கூட்டு மேளம் என்று பிடிப்பார்கள். இந்த நாட்டுச் சின்ன ஊர்களில் பாண்ட் இருப்பதுபோல, எங்கட ஊர்களுக்கு மேளம். இணுவிலும் அளவெட்டியும் அதற்குப் பேர்போன ஊர்கள்.

இது எங்கிருந்து வளர்ந்தது? எங்கட கோயில்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்களைத் திருவிழாவுக்கு அழைப்பித்தார்கள். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் அந்தப் போக்குவரத்தைச் சுலபமாக்கியது. 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போரோடு அதுவும் நின்றது. ஆனால் அதற்குள் எங்கட ஊர்ப் பிள்ளைகள், வந்தவர்களோடு சரிசமமாக இருந்து வாசிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர்தான் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலில் பிறந்தவர். தகப்பனார் விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். பிறகு அளவெட்டியில் வாழ்ந்தார். அளவெட்டி என். கே. பத்மநாதன் அவர்களின் நாதஸ்வரத்துக்கு அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் இண்டைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாளாது. முன்பு தஞ்சாவூரில் இருந்து ஆட்களைக் கூப்பிட்ட எங்களிடம் இருந்து, தமிழ்நாடு இவரைக் கூப்பிட்டது. 1975இல், நாற்பத்திரண்டு வயது நிரம்ப முன்னமே, அவர் காலமானார். அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் 63ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் பரிசு கிடைத்தது. செத்து நாற்பது வருசத்துக்குப் பிறகும் பேசப்படுகிற கலைஞன், எங்கட சின்ன ஊர்ப் பிள்ளை.

ஒரு சின்ன ஊரில் இது எப்படி நடந்தது? மூன்று விசயம் என்று நான் நினைக்கிறேன். முதலாவது, வீட்டில் பழக்கம். விடியவே தவில் சத்தம் கேட்கும், அயலட்டை ஒன்றும் சொல்லாது. இரண்டாவது, கோயில். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு உபயகாரர். போன முறை அவர் நாலு கூட்டம் பிடித்தால் இந்த முறை இவர் எட்டுக் கூட்டம். போட்டிதான், ஆனால் கலைஞர் வீட்டில் அடுப்பு எரிந்தது. மூன்றாவது, கேட்கிற சனம். வீட்டுக்குள் இருக்கிற கிழவி மல்லாரி கேட்டவுடன், "சுவாமி வெளிக்கிட்டிட்டார்" என்று எழும்புவா. வீதியில் சுவாமியை நிறுத்திச் சமா வைத்தால் நடுச்சாமம் தாண்டியும் சனம் மணலில் இருந்து கேட்கும். தாளம் பிசகினால் பார்த்துக்கொண்டிருக்கிற கமக்காரனின் முகமே சொல்லும். அப்படிக் கேட்கிற சனத்துக்கு முன்னால் வாசித்துத்தான் அவர்கள் பெரிய ஆட்களானார்கள்.

எங்களிடம் வேறு இசையும் இருந்தது. கண்ணன் கோஷ்டி போன்ற இசைக்குழுக்கள் மேடைக்கு மேடை வாசித்தன. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாட்டுக்கு எங்கட தகப்பன்மார் ஆடினவை. ஆனால் 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டோம். கிற்றாரும் ஓர்கனும் கரண்ட் இல்லாமல் என்ன செய்யும்? மேளத்துக்கு மனிசனின் மூச்சும் கையும் போதும். அதனால் அந்த இருட்டிலும் அது நிற்கவில்லை.

1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால் இலட்சக்கணக்கான சனம் நடந்தது. சட்டி பானை கொண்டு வந்தவை, ஆடு கொண்டு வந்தவை. துணி சுற்றின தவிலைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போன ஒருவரையும் கண்டேன். வீட்டை விட்டவர் தவிலை விடவில்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

மேளம் வாசித்த குடும்பங்களை ஊர் எப்படி நடத்தியது? சுவாமிக்கு முன்னால் நடக்க விட்டது, பந்தியில் பக்கத்தில் இருக்க விடவில்லை. வாசிப்புக்குத் தலையாட்டியது, ஆளைப் பெயர் சொல்லாமல் "மேளகாரன்" என்றது. மருதனார்மடத்தில் 1960இல் இசைக் கல்லூரி வந்தது. 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடமாகின. மேளம் மட்டும் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பங்களுக்குள்ளேயே நின்றது.

கடல் தாண்டி வந்தும் அது போகவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவரின் மகன், ஒன்பது வயதுப் பெடியன், கோயிலுக்குப் போனால் தவில்காரருக்குப் பக்கத்தை விட்டு அசையமாட்டான். அவனை மிருதங்க வகுப்பில் சேர்த்தார்கள். "ஏன் அண்ணை, தவிலுக்கு விடேல்லையோ?" என்று கேட்டேன். "அது எங்கட ஆக்கள் பழகிறேல்லைத் தம்பி" என்றார். மிருதங்கம் நல்ல வாத்தியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செம்மணி வெளியில் நடந்தபோது இன்ன ஆக்கள் என்று தனிப் பாதை இருந்ததா? இங்கே அகதி விசாரணைக்கு வரிசையில் இருந்தபோது யாராவது சாதி கேட்டார்களா?

இங்கே ஒரு கலியாண மண்டபத்தில் கண்டதையும் சொல்லவேணும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டின கலைஞர்கள், பந்தி நடக்கிறபோது வெளி ஓடையில் கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். உள்ளே கதிரை காலியாய் இருந்தது. அவர்களில் ஒருவர் என்னோடு அதே பக்டரியில் இரவு ஷிப்ட் செய்கிறவர். வெள்ளி இரவு மெஷினில், சனி காலை மணவறையில்.

அவரிடம் கேட்டு ஒரு விசயம் படித்தேன். முந்தித் தவிலின் தோலைத் தோல்வாரால் இழுத்துக் கட்டுவார்களாம். இப்போது உலோகப் பட்டி, நட்டு, போல்ட். எங்கட வேலையில் போல்ட்டை எவ்வளவு இறுக்கவேணும் என்று மெஷின் சொல்லும். அவர் தட்டிப் பார்த்துக் காதால் முடிவு செய்கிறார். பனிக்காலத்தில் ஹீற்றர் சூட்டுக்குக் காற்றுக் காய்ந்து தோல் இறுகிவிடும், சுருதி ஏறிவிடும். வெயில் காலத்தில் ஈரக்காற்றுக்கு இளகிவிடும். இந்த நாட்டுக் காலநிலைக்குத் தவிலைப் பழக்கி வைத்திருக்கிற அந்த அறிவை யாருக்குச் சொல்லிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் இங்கே காண்கிற கலைஞர்களில் அநேகம் பேர் ஊரில் பழகி வந்தவர்கள். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில் தொடங்கி, ஸ்காபரோவில் பக்டரிக் கட்டிடங்களுக்குள் இருக்கிற கோயில்கள் வரைக்கும் எங்களுக்குக் கோயிலுக்குக் குறைவில்லை. அவர்களுக்குப் பிறகு அங்கே யார் வாசிப்பது? ஒவ்வொரு திருவிழாவுக்கும் பிளேனில் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டு வாசிப்பித்ததோடு நின்றிருந்தால், இணுவிலில் ஒரு தெட்சணாமூர்த்தி வந்திருக்கமாட்டார்.

ஆகவே சங்கத்திடமும் உங்களிடமும் நாலு வேண்டுகோள்.

ஒன்று, தவிலை அப்பார்ட்மன்டில் பழக ஏலாது, மேல்வீட்டுக்காரன் பொலிசுக்கு அடிப்பான். சனிக்கிழமைகளில் சங்க மண்டபத்தைக் காலையில் இரண்டு மணித்தியாலம் வகுப்புக்குத் திறந்து விடுங்கோ. எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம், பெண்பிள்ளைகளும் வரலாம்.

இரண்டு, அடுத்த புத்தாண்டு விழாவில் பேச்சாளர்களை, என்னையும் சேர்த்துத்தான், குறைத்து, நாற்பது நிமிசம் மேளச்சமா வையுங்கோ. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, போனை மூடிவைத்துக் கேட்போம்.

மூன்று, உங்கட வீட்டு பேஸ்மன்டில் பழைய திருவிழாக் கசெற்றுகள் கிடந்தால் எறியாதையுங்கோ. நாடா பழுதாக முன்னம் பிரதி எடுக்கவேணும். எந்தக் கோயில், எந்த வருசம், யார் வாசித்தது என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறபோதே எழுதி வைக்கவேணும்.

நாலாவது, காசு செலவில்லாதது. கலைஞரைப் பெயர் சொல்லி மேடையில் அறிமுகப்படுத்துங்கோ. பேசின காசைப் பேசினபடி கொடுங்கோ. பந்தியில் பக்கத்தில் இருத்திச் சாப்பிடப் பண்ணுங்கோ. தன்னுடைய குருவை நாங்கள் மதிக்கிறதைப் பிள்ளை பார்த்தால்தான், அந்தத் தடியைக் கையில் எடுக்க அதற்கு விருப்பம் வரும்.

அந்த ஒன்பது வயதுப் பெடியனின் தகப்பன் இண்டைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிறார். கோவிக்காதையுங்கோ அண்ணை. வகுப்புத் தொடங்கினால் முதல் பெயர் உங்கட மகனின் பெயராக இருக்கட்டும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.