நீரிழிவும் கருவிழியும்

(புதூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இலக்கணம் போதிக்கும் அடியேன் வைத்தியம் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. என் சிறிய தகப்பனார் பல்லாண்டாக நீரிழிவு உடையவர். ஒரு தை மாதம் சோளத்தட்டை அறுக்கையில் தோகை அவர் கண்ணைக் கீறிற்று. “வலியில்லையே” என்று பத்து நாள் வாளாவிருந்தார். பின்பு கண் வெளுத்துப் பூ விழுந்தது, பார்வையும் போயிற்று.

அவரை ஏமாற்றியது அவ்வலியின்மையே. நீரிழிவினால் விழித்திரை கெடும் என்பதைப் பலரும் அறிவர். கருவிழியை நினைப்பார் சிலரே. அதன்மேற் பளிங்குபோல் மூடியுள்ள படலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடையது. அதில் இரத்தக் குழாய் இல்லை. நுண்ணிய நரம்புகளோ மிகுதியாகச் செறிந்துள்ளன. தூசி பட்டவுடன் இமை மூடுவதும் நீர் பெருகுவதும் அந்நரம்புகளாலேயே. நெடுநாள் நீரிழிவு, பாதத்தை மரக்கச் செய்வதுபோல, இந்நரம்புகளையும் மெலிவிக்கிறது. கண் உலர்கிறது, மேற்றோல் உறுதியாய் ஒட்டாமல் எளிதில் உரிகிறது, உரிந்த இடம் ஆறத் தாமதமாகிறது. அவ்வழியே கிருமி புகுந்தாற் புண்ணாகும். புண் ஆறிய பின்னும் நிற்கும் வெண்தழும்பையே நாம் பூ என்கிறோம்.

உழவர்க்கு இவ்வபாயம் அதிகம். தோகையோ உமியோ கீறிய கண்ணிற் பூஞ்சணம் பற்றுவதுண்டு. 1993-ஆம் ஆண்டுக்குரிய ஆராய்ச்சியொன்றில், மதுரை ஜில்லாவில் லட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுற்றதாகக் கணித்தனர். அமெரிக்காவின் ஒரு ஜில்லாவிலோ அத்தொகை 11 மட்டுமே.

நம் கரிசலில், வடமலாபுரத்தில், 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலியிலும் அந்நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு. ஆதலால் தூரத்தைக் காரணங் காட்ட நமக்கு இடமில்லை.

நீரிழிவுடையோர் கண்ணிற் கீறல் பட்டால், வலி இல்லாவிடினும், அன்றே வைத்தியரிடம் செல்லுக. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றை விடற்க. கடையில் தாமே வாங்கும் சொட்டு மருந்தும் ஆகாது. சிலவற்றாற் பூஞ்சணம் பெருகும். சர்க்கரையை அளவில் நிறுத்துக. அறுவடையின்போது கண்ணாடி அணிக.

ஆண்டுதோறும் அறுவடைக்கு முன் நமது சங்கத்தார் சர்க்கரைச் சோதனையும் கண் சோதனையும் ஒருங்கே நடத்த வேண்டுமென்று பிரார்த்தித்து அமர்கிறேன்.