இரகசியம் கேட்போர் எவருக்குக் கணக்குச் சொல்வர்?

(சாவகச்சேரியில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



மனத்துயரை மனிதரிடம் கூற அஞ்சி, கைத்தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கூறுவோர் இன்று உலகெங்கும் உளர். இது கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாது எனக் கண்டிக்கும் போதகர்களும் உளர். கண்டனம் பிழையென்று யான் கூறவில்லை. ஆயின், ஒரு பெண் போதகரை விட்டுப் பொறியிடம் போவதேன் என்பதையும் அவர்களே முதலில் விசாரித்தல் வேண்டும்.

ரவி சக்கரியாஸ் என்னும் பெயரை இங்குள்ள கிறிஸ்தவ அன்பர்கள் பலர் அறிவர். 1946இல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, கனடா சென்று, பின் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பிரசங்கித்தவர் அவர். 2020 மே மாதத்தில் அவர் காலமானபோது, அன்று அமெரிக்காவின் உபஜனாதிபதியாயிருந்த மைக் பென்ஸ் நினைவு ஆராதனையில் புகழுரை ஆற்றினார். ஓராண்டு கழியுமுன், 2021 பெப்ரவரியில், சக்கரியாசின் ஊழிய நிறுவனமே நியமித்த சட்டத்தரணிகளின் அறிக்கை வெளிவந்தது. உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்த பெண்களிடம் அவர் பல்லாண்டுகளாக முறைகேடாக நடந்தார் என்று அது கண்டது. ஒரு பெண்ணின் சாட்சியம் நெஞ்சை உறையவைப்பது. ஊழிய நிதியிலிருந்து அவளுக்கு உதவி செய்வித்தார்; பின்னர் அவள் உடலைக் கேட்டார்; வெளியே சொன்னால் தம் பெயர் கெட்டு, எண்ணற்ற ஆன்மாக்கள் இரட்சிப்பை இழக்கும், அந்தப் பழி உன்னையே சாரும் என்றார். வேலியே பயிரை மேய்ந்தது மட்டுமன்று. மேய்ந்ததைச் சொன்னாற் பயிருக்குப் பாவம் என்றும் கூறிற்று!

சட்டம் படித்தவனாகிய எனக்கு இதனினும் பெரிதாகத் தோன்றுவது 2017இல் நடந்ததே. கனடாப் பெண்ணொருவர் முறையிட முனைந்தபோது, சக்கரியாஸ் அவர்மீதும் அவர் கணவர்மீதும் வழக்கிட்டார். எதையும் வெளியிடுவதில்லை என்னும் உடன்படிக்கையுடன் அது முடிந்தது. நிறுவனத்தார் தலைவரின் சொல்லை நம்பினர். நம்பியது பிழையென்று அவர்கள் ஒப்பி மன்னிப்புக் கேட்டது 2021இல். பதில் கூறவேண்டியவர் அப்போது மண்ணுக்குள் இருந்தார்.

இத்தகைய செவிகளுக்கு அஞ்சியவர் பொறியின் செவியை நாடுவதில் வியப்பென்ன? பொறி கையைப் பிடித்து இழுக்காது. ஆயினும் பொறிக்குப் பின்னால் ஒரு கம்பனி இருக்கிறது. 'ரெப்ளிக்கா' என்னும் தோழமைப் பொறியை நடத்தும் கம்பனிக்கு, 2025இல் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. தகுந்த சட்ட ஆதாரமின்றி மனிதரின் தகவல்களைக் கையாண்டமையும், சிறுவரைத் தடுக்க வயதைச் சரிபார்க்காமையும் குற்றங்களாகக் காணப்பட்டன. அவ்வாண்டு ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமும் பொறியை மனிதனாகக் காட்டுதல் தகாதென்கிறது.

2024இல் சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் நகர்த் தேவாலயமொன்றில், பாவசங்கீர்த்தனக் கூண்டினுள் யேசுவின் உருவிற் பேசும் பொறியொன்றை வைத்துப் பரீட்சித்தனர். உரையாடலுக்கேயன்றிப் பாவசங்கீர்த்தனத்துக்கு அன்று என்றனர். சொந்தத் தகவல்களைக் கூறவேண்டாமென்றும் எச்சரித்தனர். இரகசியம் கூறும் கூண்டிலே இரகசியம் கூறாதே என்னும் அறிவித்தல்! நேர்மையான எச்சரிக்கைதான். நம் போதகர் சிலரின் அறைவாசலிலும் இதைத் தொங்கவிடலாம்.

நமது சட்டம் இதில் ஊமையன்று. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, அதிகாரத்திலுள்ளவர் வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ சொல்லாலேனும் செயலாலேனும் செய்யும் விரும்பத்தகாத பாலியல் அணுகலைக் குற்றமாக்குகிறது. 'வேறெந்த இடம்' என்பதனுள் மிசன் வீடும் அடங்கும். கோயில் மடமும் அடங்கும். கத்தோலிக்க சபையில் 2019ஆம் ஆண்டுப் பாப்பரசர் ஆணை குருமாரையும் துறவியரையும் முறைகேடுகளை அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. நன்று, ஆனால் அந்த அறிவித்தல் சபை அதிகாரிகளிடமே போகிறது.

ஆகவே யான் கேட்பவை சில. முறைப்பாட்டைக் கேட்கும் குழுவைப் போதகர் நியமித்தல் ஆகாது. அதிற் பெண்களும் சபைக்குப் புறம்பானவரும் இருத்தல் வேண்டும். முறைப்பாடு எழுத்திற் பதியப்பட்டு, அதன் பிரதி கொடுத்தவர் கையில் இருக்கவேண்டும். குற்றமெனத் தோன்றுவது பொலிசுக்குப் போகவேண்டும். பாதிக்கப்பட்டவரின் வாயைக் கட்டும் உடன்படிக்கையை எழுதித்தர நம் சட்டத்தரணிகள் மறுக்கவேண்டும். எத்தனை பணம் தந்தாலும் யான் எழுதித்தரமாட்டேன். இங்கு வந்துள்ள என் தொழிற்றோழர்கள் இதற்கு இசைவார்களா என்பதை, இக்கூட்டம் கலையுமுன் அறிய விரும்புகிறேன்.