வைகறை வண்டியும் நம் வித்தியார்த்திகளும்

(நமது சங்கத்தின் செங்கற்பட்டுக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்யாசம்)



கலாசாலை மாணாக்கர் தம் காரியங்களை ஒழுங்காக நடத்திக்கொள்வது எங்ஙனம் என்பதுபற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் நம்மைப் பணித்தார்கள். விஷயத்தின் பெயரைச் சொன்னவுடனே முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் சிலர் முகமலர்ந்ததையும், வாயிற்படியருகில் நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கண்டோம். வைகறைத் துயிலெழுதலின் மேன்மையை நாம் விரித்துரைப்போமென்று இரு சாராரும் எண்ணினர் போலும். அதனை நாம் செய்யப் போவதில்லை. நம் பிள்ளைகள் வேண்டுமளவுக்கு முன்னதாகவே எழுகின்றனர். அவர்கள் எழும் வேளையில் நம்மிற் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருக்கின்றோம் என்பதே உண்மை.

சென்னையிலுள்ள அரசினர் கலைக் கல்லூரிகள் சிலவற்றில் வகுப்புகள் இரண்டு ஷிப்டுகளாக நடப்பதை அறிவீர்கள். காலை ஷிப்டு எட்டரை மணியளவில் தொடங்கிப் பிற்பகல் ஒரு மணியளவில் முடியும். சேப்பாக்கத்தில் எட்டரை மணிக்கு இருக்கவேண்டிய செங்கற்பட்டுப் பிள்ளை ஒருவனின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆறு மணியையொட்டிய மின்சார வண்டியை அவன் பிடித்தாகவேண்டும். கடற்கரை நிலையம் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பூங்கா நிலையத்தில் இறங்கவே ஒன்றே முக்கால் மணி நேரமாகும். அங்கிருந்து பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து, பறக்கும் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டிச் சேப்பாக்கம் சேரவேண்டும். வீட்டிலிருந்து புறப்படுவது ஐந்தரைக்கு. எழுவது நாலே முக்காலுக்கு. கடற்கரை வரை மாறாமற் போனாலும், இடையில் மாறினாலும், வாசலிலிருந்து வாசல்வரை இரண்டரை மணிக்குக் குறைவதில்லை. போக வர ஐந்து மணி. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று கொண்டால் 450 மணி நேரம். அஃதாவது இரவும் பகலும் சேர்ந்த முழு நாட்களாக ஏறக்குறைய 19 நாட்களை நம் பிள்ளை வண்டியிற் கழிக்கின்றான். இந்தக் கணக்கைப் போட்டுப் பாராமல் "படிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கமாய்விட்டது.

இனி நித்திரையின் கணக்கைப் பார்ப்போம். 18 முதல் 25 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டுமென்பது இக்காலத்து மருத்துவ அறிஞர் கருத்து. இளம்பருவத்தில் உடம்பினுள் அமைந்த கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்தங்கியோடுகிறதென்றும், இரவில் விரைவில் உறக்கம் வாராமையும் விடியலில் கண் திறவாமையும் சோம்பலின் குறியல்லவென்றும் அவர்கள் சொல்கின்றனர். பகலிற் படித்தது மனத்தில் நிலைபெறுவதும் உறக்கத்தின் போதேயாம். நாலே முக்காலுக்கு எழவேண்டியவன் ஏழு மணி நேரம் தூங்கவேண்டுமாயின் ஒன்பதே முக்காலுக்கு விளக்கணைக்கவேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் ஒன்பதே முக்காலுக்குச் சாப்பாடு முடிந்திருக்கின்றது? தொலைக்காட்சியின் ஓசை அடங்கியிருக்கின்றது? ஒரே கூடமும் ஒரே விளக்குமுள்ள வீட்டில் அனைவரும் உறங்கினாலன்றி ஒருவன் உறங்குவதெப்படி?

இவ்விடத்தில் நம் சமூகத்துக் குடும்பமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பெயரும் ஊரும் வேண்டா. பெண் முதலாண்டு வகுப்பிற் சேர்ந்தாள். அவ்வீட்டில் கலாசாலைப் படியை மிதித்த முதற்பெண் அவளே. முதற்பருவ முடிவில் வருகை நாட்கள் போதாமையால் பரீக்ஷை எழுத அநுமதி கிட்டவில்லை. "படிப்பில் நாட்டமில்லை, போதும், வரன் பார்க்கலாம்" என்று வீட்டார் தீர்மானித்து, யோசனை கேட்க நம்மிடம் வந்தனர். அப்பெண்ணைத் தனியே அழைத்து, முந்திய வாரத்தில் ஒவ்வொரு நாளும் எழுந்தது முதல் படுத்தது வரை என்ன செய்தாளென்று ஒரு தாளில் எழுதச் சொன்னோம். அழாமல் எழுதிக் கொடுத்தாள். நாலு மணிக்கு எழுந்து குழாயடியில் நீர் பிடித்தாள். தம்பிக்கும் தகப்பனார்க்கும் சேர்த்துச் சோறு கட்டினாள். மாலை நாலு மணிக்குத் திரும்பி வீடு பெருக்கினாள். இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் துலக்கினாள். தூக்கம் ஐந்து மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணி வண்டியைத் தவறவிட்டாள்; தவறவிட்ட நாட்களில் முதல் வகுப்புப் போயிற்று. அத்தாளை அவள் தகப்பனார் இருமுறை வாசித்தார், ஒன்றும் பேசவில்லை. இப்பொழுது அவ்வீட்டில் இராப்பாத்திரங்களைத் துலக்குபவர் அவரே. தண்ணீர் பிடிப்பவன் தம்பி. பெண் மூன்றாம் பருவத்திற் படிக்கின்றாள். விட்டுப்போன பாடங்களையும் சேர்த்து எழுதி வருகின்றாள். தம்பிக்குப் பரீக்ஷை வந்தால் வீடே அடிமேல் அடிவைத்து நடக்கும். அக்காளுக்குப் பரீக்ஷை வந்தால் மாத்திரம் மாவரைக்க ஆளில்லையென்போம். இதை நம் தாய்மார்கள் கோபியாமல் கேட்கவேண்டும். தந்தைமார் வெட்கத்தோடு கேட்கவேண்டும்.

வருகை நாட்களின் விஷயம் பல பெற்றோர்க்குத் தெரியாததால் அதனையும் சொல்லுகின்றோம். நூற்றுக்கு 75 வருகையேனும் இருக்கவேண்டுமென்பது சர்வகலாசாலைகளின் பொதுவிதி. 90 நாளில் 68 நாள் வந்தாகவேண்டும்; எஞ்சுவது 22 நாள். 22 நாளென்றால் நிரம்பவுண்டென்று தோன்றும். ஆனால் காய்ச்சல் ஒரு வாரம், மழைக்காலத்தில் வண்டி ஓடாத நாள் சில, உறவினர் வீட்டுக் கல்யாணங்கள் நாலு என்று அவை கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. சில கலாசாலைகளில் முதல் மணி தவறினால் அரைநாள் தவறியதாகவே எழுதிவிடுவர். ஆதலால் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கெல்லாம் "குடும்பத்தோடு வரவேண்டும்" என்று பிள்ளைகளையும் இழுத்துச் செல்லும் பந்துக்கள் சற்று இரங்கவேண்டும். வராத பிள்ளையை மரியாதை தெரியாதவனென்று ஏசுவதையும் விட்டுவிடலாம்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லவேண்டுவதும் சிலவுண்டு. உங்கள் நாள் விடியலில் தொடங்குவதில்லை. முந்திய நாள் மாலையில் தொடங்குகின்றது. பை, சீசன் சீட்டு, அடையாள அட்டை, குடை, மறுநாள் உடை ஆகியவை இரவு எட்டு மணிக்கே வாயிலருகில் இருக்கட்டும். விடியலில் இருட்டில் தேடும் பொருள் கிட்டாது. விஞ்ஞான மாணாக்கர் ரிகார்டு நோட்டை அந்தந்த வாரமே எழுதி ஆசிரியரிடம் கையெழுத்துப் பெற்றுவிடவேண்டும். பருவக் கடைசியில் மூன்று இரவு விழித்துப் பன்னிரண்டு பரிசோதனைகளை எழுதுவோர், நாலாம் நாள் செய்முறைப் பரீக்ஷையில் கைநடுங்கி நிற்பதைக் கண்டிருக்கின்றோம். வண்டியைப் பொறுத்தமட்டில், தக்க நேரத்திற்குக் கொண்டுசேர்க்கும் வண்டி எதுவோ அதற்கு முந்தியதே உங்கள் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதித்தது என்பது உண்மையாயினும், வருகைப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டமில்லை.

வண்டியிற் படிக்கலாமா என்று கேட்பீர்கள். செங்கற்பட்டிற் புறப்படும் வண்டியாதலால் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். அது மறைமலைநகரிலும் கூடுவாஞ்சேரியிலும் ஏறுவோர்க்கு எப்பொழுதும் வாய்க்காத பாக்கியம். சிங்கபெருமாள் கோயில் வருவதற்குள் இட்டிலிப் பொட்டலத்தை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஒரு மணிவரை இருப்பது கூடாது. பிறகு தாம்பரம் வரை புத்தகத்தைத் திறந்து வாசியுங்கள். தாம்பரத்தில் கூட்டம் ஏறியபின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மல்லாடவேண்டா. மூடிவைத்துவிட்டு, வாசித்ததில் நினைவிலிருப்பது எவ்வளவென்று மனத்துக்குள்ளேயே சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைக் காட்டிலும், பாராமற் சொல்லிப் பார்ப்பதே நிலைக்குமென்பது பரிசோதனைகளால் நன்கு நிலைநாட்டப்பட்டது. அதற்கு இடமும் வேண்டா, விளக்கும் வேண்டா. பல்லாவரத்திலிருந்து கிண்டி வரை ஒற்றைக்காலில் நின்றும் செய்யலாம். கைப்பேசியில் படம் பார்க்கும் நேரத்தை நாம் பறிக்க வரவில்லை; அதைத் திரும்பி வரும் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆனால் நம்மைப்போல் தூங்காதீர்கள். நாம் படித்த காலத்தில் இத்தடத்தில் மீட்டர்கேஜ் மின்சார வண்டிகள் ஓடின; 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே தொடங்கிய அவை 2004-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. ஒருநாள் இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு, காலை வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்த பெருமையோடு அமர்ந்தோம். கிண்டியைக் கண்டதாக நினைவு. அடுத்துக் கண் விழித்தபோது கடற்கரை நிலையத்தில் பெட்டி காலியாக இருந்தது. பெருக்குபவர் காலை எடுக்கச் சொன்னார். பூங்காவுக்குத் திரும்பி, ஓட்டமும் நடையுமாகக் கலாசாலை சேர்ந்தபோது தேர்வு அறையின் கதவு சாத்தியாயிற்று. விழித்துப் படித்த பாடத்திலேயே அப்பருவம் தவறினோம். வீட்டில் நாம் சொன்ன காரணம் வேறு. இன்று எம் தாயார் இல்லாத தைரியத்தில் உண்மையைச் சொல்லுகின்றோம். உங்களுக்கோ, அதிர்ந்து எழுப்பும் கைப்பேசி இருக்கின்றது. எழும்பூருக்கென்று அதனை வைத்துவிட்டுக் கண் மூடுங்கள்.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. பட்டப்படிப்பு வரையிலும் பயிலும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்விச்சாலைக்குமிடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் சீட்டை ரயில்வே இலவசமாகவே தருகின்றது. ஏனைய கலாசாலை மாணாக்கர்க்குச் சலுகைக் கட்டணம் உண்டு. கலாசாலைத் தலைவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இதையறியாமல் முழுப்பணம் கட்டிவரும் குடும்பங்கள் நம்மில் உள்ளன. 2021 முதல் மாநகர, நகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை மாத்திரம் எல்லோரும் அறிந்திருக்கின்றனர்.

கடைசியாக, சங்கத்தையே பார்த்து ஒரு விண்ணப்பம். அக்கிராசனர் அவர்கள் மன்னிக்கவேண்டும். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்த பிள்ளை பசியோடு வண்டியேறி மூன்றரை மணிக்கு வீடு சேர்ந்தால் உண்டு உறங்கிவிடுகின்றது, எழும்போது இருட்டிவிடும், இரவுத் தூக்கம் கெடும், மறுநாள் வண்டி தவறும். இந்தச் சுழலை அறுக்கவேண்டுமானால் பட்டணத்திலேயே இரண்டு மணி நேரம் அமர்ந்து, அன்றைய வேலையை அன்றே முடித்துவிட்டு, அலுவலகக் கூட்டம் சேருமுன் நாலு மணி வண்டியைப் பிடிக்க ஓரிடம் வேண்டும். எழும்பூரில் நம் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடம் இருக்கின்றது. நம் முன்னோர் அதனைக் கட்டியது வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்றே. இன்று அது முகூர்த்த நாட்களில் வாடகைக்குப் போகின்றது. மற்ற நாட்களிற் பூட்டிக் கிடக்கின்றது. வாடகைப் பணத்திலிருந்து ஆண்டுதோறும் பரிசுப் புத்தகங்கள் வழங்குகின்றோம், நல்லதே. ஆயினும் புத்தகத்தை வைத்துப் படிக்க ஒரு மேசை கொடுத்தோமில்லை.

மாடியிலுள்ள சிறிய அறை போதும். இரண்டு நீண்ட மேசைகள், இருபது நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், குடிநீர், பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை ஒன்று. இப்போதுள்ளதில் தாழ்ப்பாள் விழுவதில்லை. சென்ற பொதுக்குழுவிலும் சொன்னோம். முகூர்த்த நாள் நீங்கலாக, மற்ற நாட்களில் நண்பகல் பன்னிரண்டரை முதல் மாலை ஐந்து வரை அறை திறந்திருக்கவேண்டும். திறந்து உட்கார்ந்திருக்க உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற அன்பர்கள் இருவர், திங்கள் முதல் வியாழன் வரை ஆளுக்கிரண்டு நாளாக, சம்மதித்திருக்கின்றனர். வெள்ளிக்கிழமைக்கு ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளோர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். சாவி அவரிடந்தான் இருக்கின்றது.